பேலியார் கடிகாரமும் மெய்கண்டார் முதற்சூத்திரமும்

கடவுள் உண்டு என்பதை உலகத்தை ஏதுவாகக் கொண்டு நிறுவுதல் சைவசித்தாந்திகளுக்குப் புதிதன்று. சிவஞானபோதத்து முதற்சூத்திரம் எழுந்ததே அதன் பொருட்டு. ஆயினும், இக்காலத்து நம் சபைகளில் நிகழும் பிரசங்கங்கள் பலவற்றிலும், பதியுண்மை பற்றி நம்மவர் எழுதும் சிறு புத்தகங்கள் சிலவற்றிலும், முதற்சூத்திரத்தின் கருத்தென்று எடுத்துரைக்கப்படுவது பிறிதொருவர் சரக்காயிருக்கக் காண்கின்றோம். கடிகாரம் ஒன்றைக் கண்டால் அதனைச் செய்தான் ஒருவன் உண்டென்று துணிகின்றோம்; அதனினும் பன்மடங்கு நுட்பமாயமைந்த கண்ணையும் காதையும் கண்டுவைத்தும் அவற்றைச் செய்தான் ஒருவன் உண்டென்று துணியாதிருத்தல் தகுமோ என்பது அவர் வினா. கேட்போரும் உவந்து தலையசைக்கின்றனர். இவ்வாதம் மெய்கண்டதேவர் அருளிச்செய்ததன்று. இங்கிலாந்து தேசத்துக் கார்லைல் நகரில் ஆர்ச்டீக்கன் என்னும் குருப்பதவியிலிருந்த வில்லியம் பேலி என்பார் 1802-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நேச்சுரல் தியாலஜி’ என்னும் நூலின் தொடக்கத்தில் உள்ளது. பிற சமயத்தார் நூலில் உள்ளது என்பது பற்றி அதனைத் தள்ளுக என்று யாம் கூறவில்லை. நல்லது எங்கிருப்பினும் கொள்ளத்தக்கதே. முதற்சூத்திரத்தின் வாதம் வேறு, கடிகார வாதம் வேறு. பின்னதை முன்னதன் ஆசனத்தில் ஏற்றியதனால் முன்னதற்கு ஊறு நேர்ந்துளது என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. சில மாதங்களுக்கு முன் ஒரு சபையில் இவ்வாறு கடிகாரத்தை விரித்துரைத்த பிரசங்கியார் ஒருவரை, உயிர்நூல் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து இரண்டு வினாக்கள் வினவினார். கண்ணின் நுட்பம் படிப்படியே அமைந்தவாற்றை டார்வின் காட்டிய பின்னர் இவ்வாதம் நிற்குமோ என்பது ஒன்று. குளவி புழுவைத் தன்னுருவாக்கும் என்று முதற்சூத்திரத்து வெண்பா ஒன்றில் உவமை வருகின்றதே, யாங்கள் குளவிக்கூட்டைப் பிளந்து கண்டோம், புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சால் தின்னப்படுகின்றது. ஆயின் அவ்வெண்பா என்னாம் என்பது மற்றொன்று. பிரசங்கியார் அவர்க்குப் பக்குவம் போதாதென்று கூறி மேற்சென்றார். அம்மாணவர் பின்னர் அச்சபைக்கு வரக் கண்டிலேம். பக்குவம் போதாமை யார்பாலது என்னும் ஐயம் எமக்கு அன்றுதொட்டு உண்டு.

பேலியார் நூலை நடுநின்று நோக்குவார்க்கு அதன்கட் பாராட்டத்தக்கன பல உள. கண்ணைத் தொலைநோக்கிக் கண்ணாடியோடு ஒப்பிட்டும், எலும்பின் பொருத்துக்களையும் தசைநார்களின் இழுப்பையும் விரித்தும் அவர் எழுதிய பகுதிகள் இன்றும் படித்து இன்புறத்தக்கன. டார்வின் தாம் கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த காலத்து இந்நூலைப் பெருமகிழ்வோடு கற்றதாகத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். பேலியாரின் குறை அவர் காட்டிய பொருள்களில் இல்லை. காட்டாது விட்ட ஒன்றில் உள்ளது. நூலின் முதல் வாக்கியத்திலேயே அவர் ஒரு வெளியில் நடந்து செல்கின்றார். காலில் ஒரு கல் இடறுகின்றது. இக்கல் இங்கு வந்தவாறு என்னை என்று எவரேனும் வினவினால், இஃது என்றும் இங்கேயே கிடந்தது எனலாம், அவ்விடையைத் தவறென்று காட்டுதல் எளிதன்று என்கின்றார். பின்னர்க் கடிகாரம் ஒன்றைக் கண்டு, அதற்கு அவ்விடை செல்லாதென்று தம் வாதத்தைத் தொடங்குகின்றார். கல்லை அவ்விடத்திலேயே விட்டுச் சென்றார். திரும்பி வந்து எடுத்தாரல்லர்.

மெய்கண்டார் கல்லை விட்டிலர். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று சுட்டி அறியப்பட்டுப் பல பகுப்பினதாய் நிற்கும் உலகம் முழுவதும் தோன்றுதலும் நிற்றலும் அழிதலும் என்னும் முத்தொழிலுடையது என்பதே அவர் கொண்ட மேற்கோள். இதன்கண் நுட்பமானது, நுட்பமில்லாதது என்னும் வேற்றுமை இல்லை. கண்ணும் முத்தொழிற்படுவது, கல்லும் முத்தொழிற்படுவது. கடிகாரத்துக்குக் கருத்தா வேண்டும், கல்லுக்கு வேண்டா என்பார் உலகத்தின் ஒரு சிறு பகுதியைக் கடவுளுக்கு விட்டு, எஞ்சியதைத் தானேயுள்ளது என்று கொடுத்துவிட்டவராவர். அங்ஙனம் கொடுத்தபின், நுட்பமானவையும் தாமே அமைந்தன என்று ஒருவர் காட்டிவிடுவாராயின் கடவுளுக்கு விட்ட சிறு பகுதியும் போம். பேலியார் வாதத்திற்கு நேர்ந்தது அதுவே.

ஈண்டு ஒரு தடை எழும். கற்கள் தோன்றி அழிதல் மெய்யே. ஆயினும் உறுப்புக்கள் தோன்றி அழிதல் பற்றி உலகத் தொகுதியும் தோன்றி அழியும் என்று கூறலாமோ? இது மீமாஞ்சகர் பண்டே நிகழ்த்திய தடை. பேலியார் காலத்திலேயே இதனைப் புதுமுறையாற் கூறினார் ஒருவர் இருந்தார். ஸ்காத்லாந்து தேசத்து ஜேம்ஸ் ஹட்டன் என்பார் 1788-ஆம் ஆண்டில் அச்சான தம் பூமி ஆராய்ச்சியில், இன்றுள்ள பாறைகள் பண்டைப் பாறைகளின் சிதைவால் அமைந்தன என்றும், இவையும் தேய்ந்து கடலடியிற் படிந்து மீளப் பாறையாகும் என்றும் காட்டி, இச்சுழற்சிக்குத் தொடக்கமும் முடிவும் தமக்குப் புலப்படவில்லை என்று முடித்தார். பேலியாரின் கல் என்றும் அங்கேயே கிடந்ததன்று என்பது இவரால் விளங்கும்; ஆயினும் தொகுதிக்கு முதலும் ஈறும் காணாமையின் இவர் மீமாஞ்சகர் பக்கத்தார் ஆகின்றார்.

இத்தடைக்கு மெய்கண்டார் கூறுவது, ஒன்றினின்று ஒன்று தோன்றி அழிதலைக் கண்கூடாகக் காண்போர் அதனை எக்காலத்தும் ஒருபடித்தாயுள்ளதென்று கொள்ளுதல் ஆராய்ச்சியுடையார் செயலன்று என்பதாம். இவ்வளவில் நின்றால் தடை முற்றும் நீங்காது என்று சொல்ல யாம் அஞ்சவில்லை. மாந்தர் ஒவ்வொருவர்க்கும் தாய் உண்டென்பதனால் மாந்தர்குலம் முழுமைக்கும் ஒரு தாய் உண்டென்று பெறப்படாது என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-ஆம் ஆண்டில் வானொலியில் நிகழ்ந்த ஒரு வாதத்திற் கூறினார். அத்தடையை எளிதென்று எள்ளுதல் முறையன்று. ஆயினும் உறுப்பின் தன்மை தொகுதிக்கு ஒருபோதும் வாராதென்பதும் விதியன்று. நூலிழை ஒவ்வொன்றும் நொய்தாயிருத்தல் பற்றி ஆடை நொய்தாகாது. இழை ஒவ்வொன்றும் சிவப்பாயின் ஆடையும் சிவப்பேயாம். சடமாந்தன்மை இவற்றுள் எவ்வகைத்து? அறிவில்லாதன எத்துணை கூடினும் கூட்டம் அறிவுடையதாகாது. ஆகலின் சூத்திரத்தின் வன்மை, உலகம் ஒருகாலத்து அழிந்ததைக் கண்டோம் என்பதன்கண் இல்லை. தானே தன்னை அறியாததும், பகுப்புடையதும், ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் பெயர்த்தற்குரியதுமாகிய உலகம் தானே தனக்குக் கருத்தாவாதல் கூடாது என்பதன்கண் உள்ளது. ஏதுவை ஈண்டு வைத்துக்காத்தலே முறை. விண்மீன் கூட்டங்கள் ஒன்றையொன்று விட்டகலுகின்றன என்பது 1929-இல் ஹபிள் கண்ட கணக்கால் வலியுற்றதும், பண்டை வெப்பத்தின் எச்சம் 1965-இல் அறியப்பட்டதும் பற்றி, முதற்சூத்திரம் மெய்யாயிற்று என்று நம்மவர் சிலர் எக்களிக்கின்றனர். வானநூலார் நாளை வேறு கூறுவாராயின் பதியுண்மையும் நாளை வேறாமோ? அறிஞர் ஆராய்ச்சியைப் போற்றுதல் வேறு. அதன் தோளில் நம் சூத்திரத்தை ஏற்றுதல் வேறு.

இனி, இவ்விரு வாதங்களுக்கும் உள்ள பெருவேற்றுமையை நோக்குவோம். பேலியார் ஆக்கத்தை நோக்கினார். மெய்கண்டார் அழிவை நோக்கினார். முத்தொழிலையும் எடுத்தோதிய ஆசிரியர், உலகிற்கு முதலாவான் யாவன் என்னுமிடத்துப் படைப்போனைக் கூறாது, எல்லாவற்றையும் ஒடுக்கும் அரனையே கூறியது நினைந்து நினைந்து வியத்தற்குரியது. எதன்கண் ஒடுங்கிற்றோ அதனினின்றே மீளத் தோன்றும். ஆதலின் ஒடுக்குவோன் எவனோ அவனே தோற்றுவிப்போனும் ஆவன். எல்லாம் ஒடுங்கிய காலத்தும் ஒடுங்காது எஞ்சி நிற்பவன் அவனே. இனிக் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரம் செய்தவன் இறந்துபட்ட பின்னரும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டனார் வாங்கிய கடிகாரத்தைப் பேரன் சாவிகொடுத்து ஓட்டுதலை நம் வீடுகளிலேயே கண்டிருக்கின்றோம். செய்த தொழிலாளன் எந்நாட்டிற் புதைக்கப்பட்டானோ, யார் அறிவர்! ஆகவே கடிகாரவுவமையால் உலகிற்குக் கருத்தா ஒருவன் இருந்தான் என்பதே பெறப்படும். இருக்கின்றான் என்பது பெறப்படாது. ஒருவன் என்பதுதானும் பெறப்படாது. ஒரு கப்பலைப் பலர் கூடிச் செய்தல் போலப் பலர் கூடிச் செய்திருத்தலும் கூடும். இக்குற்றங்களை டேவிட் ஹியூம் என்பார், தாம் இறந்த மூன்றாண்டின் பின் 1779-இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில், எள்ளல் கலந்த நடையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். பேலியார் நூல் அதற்கு இருபத்துமூன்றாண்டு பிற்பட்டது. பிற்பட்டும் அவற்றை அது முற்றும் விலக்கிற்றில்லை. ஒடுக்கத்தினின்று தொடங்குவார்க்கோ இத்தடை எழுதற்கே இடமில்லை. தான் முதலில் ஒடுங்குவோன் பிறவற்றை ஒடுக்குமாறில்லை.

ஜெர்மானிய தேசத்துக் காந்த் என்பார் 1781-இல் வேறொரு குற்றம் கூறினார். உலகின் ஒழுங்கைக் கொண்டு செல்வார்க்கு முன்னரேயுள்ள பொருளை ஒழுங்குபடுத்திய சிற்பி ஒருவன் கிடைப்பானேயன்றி, பொருளையும் உண்டாக்கிய கடவுள் கிடையான் என்பது அவர் கூற்று. சூனியத்தினின்று உலகம் படைக்கப்பட்டது என்பார்க்கு இஃது இடி. சித்தாந்திக்கோ இது குற்றமன்று. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் என்றாற்போல, மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணன் என்று பண்டே வகுத்துக்கொண்டவர் நாம். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் நம் கொள்கையின் அடிப்படை. காந்த் எதனைக் குறையென்று சுட்டினாரோ அதனையே நாம் மேற்கோளாகக் கொண்டிருக்கின்றோம். இதனை அறியாது, கடிகாரவாதத்தை மேற்கொண்டு, பின் காந்தின் குற்றத்துக்கு விடைதேடி இடர்ப்படுவார் நம்முள் உளர்.

மாணவரின் முதல் வினாவுக்கு விடை இவற்றுள்ளேயே அமைந்து கிடக்கின்றது. 1859-இல் டார்வின் வெளியிட்ட நூல், உறுப்புக்களின் நுட்பம் சிறுசிறு வேறுபாடுகள் வழிவழித் தங்கித் திரண்டமையால் ஆயிற்று என்று காட்டிற்று. ஒவ்வொரு பல்லையும் சக்கரத்தையும் தன் கையால் அரவி இணைக்கும் தொழிலாளனாகக் கடவுளைக் கொண்டார்க்கு இதனால் வேலையில்லாக் கடவுளே எஞ்சினார். டார்வின்தாமும் பேலியார் வாதம் இனிச் செல்லாது என்று எழுதினார். மெய்கண்டார் இறைவன் தொழிலை விளக்கக் கொண்ட உவமைகள் தொழிற்சாலையினின்று எடுத்தன அல்ல. ஈரம்பெற்ற நிலம் வித்துக்களை முளைப்பிக்கின்றது. எள் எள்ளாகவும் நெல் நெல்லாகவும் முளைத்தற்கு அவ்வவ் வித்தின் இயல்பே காரணம், நிலத்திற்கு விருப்புவெறுப்பில்லை. காலம் தான் விகாரப்படாது நிற்ப, அதன்கண் பொருள்கள் தோன்றி மாய்கின்றன. இவை முதற்சூத்திரத்து வெண்பாக்களிற் காணப்படுவன. ஞாயிற்றின் சந்நிதியில் ஒரு தாமரை மலர, ஒன்று அரும்ப, மற்றொன்று வாடும் என்னும் உவமை நம் நூல்களில் யாவரும் அறிந்தது. இத்தகைய சந்நிதி மாத்திரையால் தொழில் நிகழ்த்தும் முதல்வனுக்கு உடம்புகள் எவ்வழியால் அமைந்தன என்னும் ஆராய்ச்சி பகையன்று. அதுகொண்டு டார்வினையும் நம்மவராக்கிவிட வேண்டா. வினைக்கேற்ற உடம்பு என்பதை அவர் நூல் நிறுவவுமில்லை, மறுக்கவுமில்லை. அஃது அவர் ஆராய்ந்த பொருளன்று.

இனி இரண்டாம் வினா. இதன்கண் நாம் சிறிது தாழ்ந்து நிற்றல் வேண்டும். முதற்சூத்திரத்து இரண்டாம் அதிகரண வெண்பாவில், உயிர்களுக்கு அவ்வவற்றின் வினைக்கேற்ற உருவை இறைவன் கொடுத்துக் கூட்டுவன் என்பதற்கு வேட்டுவன் என்னும் குளவியும் புழுவும் உவமையாக நிற்கின்றன. வடநூலார் இதனைக் கீடப்பிரமர நியாயம் என்பர். குளவி புழுவைக் கொணர்ந்து மண்கூட்டிலிட்டு ஊதி ஊதித் தன் வடிவாக்கும் என்பது அக்காலத்து உலகவழக்கு. நிகழ்வது அதுவன்று. தாய்க்குளவி புழுவைக் கொட்டி, இறவாதும் அசையாதும் கிடக்கச் செய்து கூட்டினுள் வைத்து, உடன் முட்டையும் இட்டு வாயை மூடிவிடுகின்றது. முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி, கூட்டைத் துளைத்துப் பறக்கின்றது. பிரான்சு தேசத்து ஃபாபர் என்பார் 1879-ஆம் ஆண்டுமுதல் வெளியிட்டுவந்த பூச்சிகளைப் பற்றிய தொகுதிகளில் இத்தகைய வேட்டைக்குளவிகளின் செயலை நேரிற் கண்டு விரிவாக எழுதினார். மறைத்துப் பயனில்லை, புழு குளவியாகவில்லை.

இதனால் வெண்பா கெடுமோ எனின், கெடாது. மெய்கண்டார் ஒவ்வோர் அதிகரணத்தையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்தருளினார். எடுத்துக்காட்டுள்ளும் வியாத்தியை நிறுவும் திருட்டாந்தம் வேறு, கேட்போர்க்குப் பொருளை விளக்கும் உவமை வேறு. புகையுள்ளவிடத்து நெருப்புண்டு என்பதற்கு அடுக்களை பொய்யாகுமாயின் அனுமானமே விழும். வேட்டுவன் அவ்வகைத்தன்று, பயன்பற்றி வந்த உவமை. அவ்வெண்பாவிலேயே அதனோடு உடன்வைத்து ஓதப்பட்ட ஈரநிலத்தின் உவமை இன்றும் வழுவின்றி நின்று, கருதிய பொருளைத் தருகின்றது. இவ்வளவும் கூறிய பின்னரும், அவ்வுவமை உள்ளவாறே மெய்யென்று இக்காலத்து மேடையில் வற்புறுத்துவது ஆசிரியருக்குச் செய்யும் தொண்டாகாது. ஆசிரியர் தம் காலத்தார் அறிந்ததைக்கொண்டு விளக்கினார். நாம் நம் காலத்தார் அறிந்ததை மறைத்து விளக்க முயல்கின்றோம்.

இக்குளவி மற்றொன்றையும் நமக்குக் காட்டுகின்றது. டார்வின் 1860-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பயிர்நூலாசிரியர் ஏஸா கிரே என்பார்க்கு எழுதிய கடிதத்தில், இக்குளவிக்கு உறவான ஒருவகைப் பூச்சி, உயிரோடிருக்கும் புழுக்களின் உடலகத்தே வளர்ந்து அவற்றை உண்ணுதலைச் சுட்டி, அன்பும் எல்லாம்வல்ல ஆற்றலும் உடைய கடவுள் வேண்டுமென்றே இதனைப் படைத்தார் என்று தம்மால் நம்பக்கூடவில்லை என்றார். நம் முன்னோர்க்கு அருளின் உவமையாயிருந்த அதே செயல், அவர்க்கு அருளின்மைக்குச் சான்றாயிற்று. பூச்சி ஒன்றே, கண்டவர் இருவகையர். இதனால் நாம் கொள்ளுவது யாது? குளவி அருளையும் சொல்லவில்லை, அருளின்மையையும் சொல்லவில்லை. உலகப்பொருளை நோக்கி இறைவனுக்கு ஒரு கருத்தா என்னும் உண்மையைத் துணியலாம். எல்லாவற்றையும் தொழிற்படுத்துவோனாகலின் முற்றுணர்வும் முடிவிலாற்றலும் உடையான் என்றும், எல்லாம் ஒடுங்கத் தான் ஒடுங்காமையின் தன்வயத்தன் என்றும் துணியலாம். பேரருளும் வரம்பிலின்பமும் இவ்வழியாற் பெறப்படா. பேலியார் அவற்றையும் இவ்வழியாலேயே பெற முயன்று, காற்றும் நிலமும் நீரும் களிக்கும் உயிர்களால் நிறைந்துள்ளன என்றும், பற்கள் மெல்லுதற்கு அமைந்தனவேயன்றி நோதற்கு அமைந்தன அல்ல என்றும் எழுதினார். பல்நோயால் இரவெல்லாம் உறங்காதவன் இதனைப் படித்து ஆறுதல் பெறுவான் என்று எமக்குத் தோன்றவில்லை.

மெய்கண்டார் இவ்விடத்துச் செய்ததை உற்றுநோக்குக. பிரமாணவியலின் முதலிற் பதியின் உண்மையை மட்டும் நிறுவினார். பதியின் இலக்கணத்தை அங்கே கூறாது ஆறாஞ்சூத்திரம் வரையில் நிறுத்திவைத்தார். இடையே, உயிர்களோடு இறைவன் நிற்கும் முறையையும், வினைப்பயன் கூட்டுதலையும், உயிர் உண்டென்பதையும், அது மலத்தால் மறைப்புண்டு கிடத்தலையும், பொறிகள் உயிரையின்றி அறியாதவாறு போல உயிரும் அருளையின்றி அறியாதென்பதையும் கூறிமுடித்தார். துன்பம் நிறைந்த இவ்வுலகம் அருளின் செயலே என்னும் கொள்கை, ஆணவமலம் உண்டென்றும் அது பரிபாகப்பட வேண்டுவதென்றும் ஒப்புக்கொண்டார்க்கே பொருந்தும். காட்டையும் கடலையும் பார்த்த மாத்திரத்தால் அது போதராது. அதனை அங்ஙனம் போதரும் என்று மேடையிற் கூறுதல், ஆசிரியர் ஐந்து சூத்திரங்களால் நிரப்பிய இடைவெளியை ஒரே தாவாகத் தாவுதலாம். அதிலும் ஐந்தாஞ்சூத்திரம் பேலியார் நூலில் ஒருசிறிதும் இடம்பெறாத ஒன்றைக் கூறுகின்றது. கண்ணின் கண்ணாடியையும் நரம்பையும் அவர் எண்ணி எண்ணிக் காட்டினார்; அக்கண்ணாற் காண்பவன் யார், அவன் காணுமாறு காட்டுவது யாது என்று அவர் வினவிற்றிலர்.

ஆறாஞ்சூத்திரத்தின் துணிபு இன்னும் கடியது. சுட்டி அறியப்படும் பொருளெல்லாம் அசத்து; எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியம்; இறைவன் இவ்விரண்டுமல்லாத சிவசத்து. மலையையும் மரத்தையும் அறியுமாறுபோல அறியப்படுவன் ஆயின், அவனும் மலைமரங்களுள் ஒருவனாய் முத்தொழிற்பட்டு, தனக்கொரு கருத்தாவை வேண்டி நிற்பன். ஆகவே முதற்சூத்திரத்து அனுமானத்தின் பயன் அவனைப் பிடித்துக் காட்டுதலன்று, அவன் இலன் என்னும் வாயை அடைத்தலே என்பது எம் கருத்து. இதனை மிகையென்பாரும் உளர். அனுமானமே போதும் என்பார் அவர். அவர் ஆறாஞ்சூத்திரத்தை முதற்சூத்திரத்தோடு ஒருங்குவைத்து ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.

மாதவச் சிவஞான யோகிகள் சிவபரிபூரணம் எய்தியது 1785-ஆம் ஆண்டு. பேலியார் நூல் வெளிவருதற்குப் பதினேழாண்டு முன். கடிகாரவாதம் இன்றியே மாபாடியம் முதற்சூத்திரத்தை நிறுத்திக் காத்தது. இனி அவ்வெண்பாவிற்கு மேடையிற் பொருள் கூறுவார், வேட்டுவன் உவமை அக்காலத்து உலகவழக்குப்பற்றி வந்தது, குளவியின் செயல் உண்மையில் இன்னது என ஒரு வாக்கியம் சேர்த்துக் கூறிவிட்டு ஈரநிலத்தின் உவமைக்குச் செல்வாராயின், நேரமும் மிகாது, நூலுக்கும் குறைவில்லை. அம்மாணவர் போல்வார் எழுந்து வினவுவதற்கு அதன்பின்னும் வினாக்கள் உளவாகும். அவை நூலைப் பற்றிய வினாக்களாயிருக்கும்.